திங்கட்கிழமைக்கான கைகள்

பதிவு எண் 318. மார்ச் 6, வியாழக்கிழமை, காலை பத்தேகால். பெண், வயது நாற்பத்தேழு. தொழில்: மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பவர், இருபத்திரண்டு ஆண்டுகள். புகார்: இரு முன்கைகளிலும் இடுப்பைச் சுற்றியும் வட்ட வட்டமான செம்மை, அரிப்பு. காலம்: இருபது மாதங்கள். இதுவரை பூசிய மருந்து: தம்பி கொடுத்த களிம்பு. களிம்பின் பெயர்: தெரியாது.

தோல் பிரிவின் பரிசோதனைக்கூடத்தில் பூஞ்சை நோய்களுக்கான பதிவேட்டை, முதுகலைப் படிப்பின் ஒரு பகுதியாக, அந்த ஆண்டு முழுவதும் நான் எழுதி வந்தேன். அன்று வந்த அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "அந்தப் பேரைச் சொல்லி எங்க கூடத்துல கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்துல நாலுமடின்னு போட்டுக்குங்க," என்றார். ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டேன். மற்றவர்கள் ஆறு அசைவில் மடிக்கும் படுக்கை விரிப்பை அவர் நான்கு அசைவில் மடித்துவிடுவார். விரிப்பின் எதிர்முனையைப் பிடித்திருப்பவர் கொஞ்சம் அசந்தால் துணி கையைவிட்டே போய்விடும். அந்த எதிர்முனைக்காரரை அங்கே எதிர்க்கை என்பார்கள். பதினாறு ஆண்டுகளாக நாலுமடிக்கு ஒரே எதிர்க்கைதான். அவரையும் கூடத்தில் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

அவர்களுடைய சலவைக்கூடம் நடுச்சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. சலவை இயந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தன. ஒரு பக்கக் கதவு வழியாக அழுக்குத் துணி உள்ளே போகும். மறுபக்கக் கதவு வழியாகக் கொதிநீரில் வெந்து வெளியே வரும். அழுக்குத் துணி போகும் பக்கம் ஈரப் பக்கம். வெந்த துணி வரும் பக்கம் சுத்தப் பக்கம். சுத்தப் பக்கத்தின் நீள மேசையைச் சுற்றிப் பதினான்கு பெண்கள் நின்று மடித்தார்கள். அவர்கள் மடித்ததை அதற்குப் பிறகு நோயாளியின் உடம்பைத் தவிர வேறெதுவும் தொடுவதில்லை. ஆகவே திங்கட்கிழமை தோறும் காலை ஏழேகாலுக்கு அந்தப் பதினான்கு பேரும் குழல்விளக்கின் கீழ் வரிசையாக நின்று, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக் கைகளை நீட்ட வேண்டும். மேற்பார்வையாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஒவ்வொரு கையாகப் பார்ப்பார். கண்ணாடிக்காரர் என்று அவருக்குப் பெயர். கையில் செம்மை தெரிந்தால் அந்தப் பெண் அன்றைக்கே ஈரப் பக்கத்துக்குப் போக வேண்டும். தோல் தெளிந்த பிறகுதான் திரும்ப முடியும்.

தோல் அங்கே தெளிவதில்லை. ஈரப் பக்கத்தில் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். கையுறைக்குள் வியர்வை தேங்கும். வியர்வையில் ஊறிய தோல் பூஞ்சைக்குப் பாய் விரித்துப் போட்டதுபோல. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒற்றை நாணயத்தின் அளவில் படர்தாமரையோடு போன ஒருவர் ஏழு மாதம் அங்கேயே நின்றார்; பிறகு வேலையையே விட்டுவிட்டார். அதன் பின்னர் சுத்தப் பக்கத்தில் யாருடைய கையிலும் செம்மை தென்படவில்லை. கண்ணாடிக்காரர் வாரந்தோறும் மருத்துவமனைக்கு அனுப்பும் அறிக்கையின் நகல் எங்கள் கோப்பில் இருக்கிறது. அதன்படி அறுபத்தோரு வாரங்கள் செம்மை பூஜ்யம்.

இத்தனைக்கும் நாலுமடியின் முன்கையில் முதல் வட்டம் இருபது மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அவர் அதைத் தன் தம்பியிடம் காட்டினார். தாய் இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்து நான்கு. அவனுக்காகத்தான் அவர் அடுத்த ஆண்டு சலவைக்கூடத்தில் சேர்ந்தார். அவன் மருந்தாளுநர் படிப்பை முடித்து மருந்துக்கடை வேலையில் அமர்ந்த அன்று, தன் வாழ்க்கையில் ஒரு பெரிய விரிப்பை மடித்து வைத்தாயிற்று என்று தோன்றியதாக என்னிடம் சொன்னார். தம்பி கையைப் பார்த்துவிட்டு, பெயர் ஒட்டாத ஒரு சின்ன வட்டடப்பாவில் களிம்பு கொடுத்தான். வெறும் மூலிகை, கெடுதல் ஒன்றுமில்லை என்றான். லவங்க எண்ணெய் வாசம் அடித்தது. வெள்ளி மாலை பூசினால் ஞாயிறுக்குள் செம்மை மறையும், திங்கள் காலை கை பால்போல இருக்கும். புதன்கிழமை லேசாக அரிக்கும், வியாழன் மறுபடி சிவக்கும், வெள்ளி மறுபடி பூசுவார். சலவைக்கூடத்தின் திங்கட்கிழமை மட்டும் இல்லாதிருந்தால் இப்படியொரு மருத்துவ முறை உலகில் யாருக்கும் தோன்றியிருக்காது. எதிர்க்கைக்கும் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தவர் நாலுமடிதான். எதிர்க்கை வழியாக அது மேசை முழுவதும் பரவியது.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் எங்களிடம் வந்ததற்குக் காரணம், செம்மை கழுத்துக்கு ஏறியிருந்ததுதான். கழுத்தைத் திங்கட்கிழமை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி காட்டிவிடுகிறதே.

வட்டத்தின் விளிம்பிலிருந்து மழுங்கிய கத்தியால் தோல்பொடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, அதன்மேல் காரக் கரைசல் ஒரு சொட்டு விட்டேன். தோல் கரைந்தது, பூஞ்சை கரையவில்லை. அவரையே நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன்.

"என்ன இது, நூல் பிரிஞ்ச மாதிரி?"

"அதான் பூஞ்சை."

"இவ்வளவா? இது விரிப்பே நெய்யலாம் போலிருக்கே," என்றார்.

தோல் மருத்துவர் உள்ளே வந்தார். நாலுமடியின் முழங்கை மடிப்பில் தோல் மெலிந்து ஊதாநிறக் கோடுகள் ஓடியிருப்பதை விரலால் தடவிப் பார்த்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

"லவங்கம் வாசத்துக்கு. உள்ள இருக்கிறது ஸ்டீராய்டு. கோடு விழுந்திருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது."

"தம்பி மூலிகைன்னுதான் சொன்னான் டாக்டர்."

"தம்பி என்ன வேலை?"

"மருந்துக்கடைல. படிச்சவன்."

மருத்துவர் டப்பாவை மூடி வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்தச் சிவப்பைத்தானே இத்தனை நாளா நோய்னு நினைச்சுட்டிருக்கீங்க? அது நோய் இல்லம்மா. நோயைப் பார்த்துட்டு உங்க உடம்பு போடுற கூச்சல்."

அவர் விளக்கியதை இங்கே சுருக்கித் தருகிறேன். இந்தப் பூஞ்சை உயிருள்ள சதையைத் தின்பதில்லை. தோலின் மேற்புறத்தில் செத்துக் காய்ந்த அடுக்கையே தின்கிறது. உடம்பின் முதல் பாதுகாப்பும் அந்த அடுக்குதான். தோல் வறட்சியாகவும் சற்றே புளிப்பாகவும் இருக்கும். ஒட்டியதையும் சேர்த்து அன்றாடம் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதையும் மீறிப் பூஞ்சை வேர்பிடித்தால், அதன் சுவரில் உள்ள ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியைத் தோலின் செல்கள் அடையாளம் காண்கின்றன. மனித உடம்பில் அந்தச் சங்கிலி எங்குமே கிடையாது. ஆகவே அது அந்நியன் என்பதில் ஐயமில்லை. உடனே செய்தி போகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. தோல் சிவப்பது அதனால்தான். வெள்ளையணுக்கள் கசிந்து வந்து, விழுங்க முடிந்ததை விழுங்குகின்றன. முடியாததன்மேல் தங்கள் உள்ளிழைகளையே வலைபோல எறிகின்றன. பின்னால் வருபவை முன்பு பார்த்த முகத்தை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள். தோலை இன்னும் வேகமாக உதிர்க்கச் சொல்லிப் பூஞ்சையை வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. வட்டத்தின் நடுப்பகுதி தெளிந்தும் விளிம்பு சிவந்தும் இருப்பது இதனால்தான். நடுவே சண்டை முடிந்துவிட்டது. விளிம்பில் நடந்துகொண்டிருக்கிறது.

"இந்த ஆயின்மென்ட் பூஞ்சையை ஒண்ணும் பண்ணாது," என்றார் மருத்துவர். "செய்தி போற வழியை அடைச்சிடும். காவலுக்கு வந்தவனெல்லாம் உட்கார்ந்திடுவான். சிவப்பு போயிடும், அரிப்பு போயிடும். பூஞ்சை நிம்மதியா வளரும்."

"அப்போ திங்கக்கிழமை நான் நீட்டின கை?"

"காவல் இல்லாத கை."

நாலுமடி தன் இரு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்க கண்ணாடிக்காரரும் சிவப்பைத்தானே தேடுறார். இத்தனை வருஷமா திருடனை விட்டுட்டுக் காவல்காரனைப் பிடிச்சுக் கொடுத்துட்டிருக்கார் மனுஷன்."

அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. "டாக்டர், நீல ஓரம் போட்ட விரிப்பு வருமே, நாலாவது மாடிக்கு. அதையும் நானும் எதிர்க்கையும்தான் மடிக்கிறோம்."

நான்காவது மாடியில் இருப்பவர்கள் புற்றுநோய்க்குக் கடும் மருந்து ஏற்றப்பட்டு, வெள்ளையணுக்கள் அநேகமாக அற்றுப்போனவர்கள். நமக்கெல்லாம் தோலின் மேலேயே நின்றுவிடும் பூஞ்சை அவர்களுக்கு உள்ளேயும் இறங்கக்கூடும். மருத்துவர் அதை மறைக்காமல் சொன்னார். ஆறு வாரத்துக்கு மாத்திரையும் பூச்சும் எழுதிக் கொடுத்தார். டப்பாவை இன்றோடு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் கை இன்னும் அதிகமாகச் சிவக்கும், பயப்படக் கூடாது என்றார்.

"பயம் சிவப்புக்கு இல்ல டாக்டர். திங்கக்கிழமைக்கு."

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அவர் மேசையைச் சுற்றியிருந்த பதின்மூன்று பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். களிம்பை அவர்கள் கையில் சேர்த்தது தானே என்பதையும் சொன்னார். எதிர்க்கைதான் முதலில் பேசினார்.

"ஒருத்தி சிவந்தா ஈரப் பக்கம். அத்தனை பேரும் சிவந்தா? கண்ணாடிக்காரர் என்ன, தானே நின்னு மடிப்பாரா?"

"அவர் மடிச்சா விரிப்பு தலையணை உறை ஆயிடும்," என்றது மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு குரல்.

திட்டம் அங்கேயே உருவானது. யாரும் இந்த வாரம் பூச வேண்டாம். திங்கட்கிழமை எல்லாரும் இருக்கிற கையை இருக்கிறபடி நீட்டுவது. அத்தனை பேரையும் ஈரப் பக்கம் அனுப்பினால் மருத்துவமனைக்கு மறுநாள் விரிப்பு கிடையாது. அப்போது விதியை மாற்றியே தீர வேண்டும்: செம்மை வந்தவருக்குச் சிகிச்சை, வறண்ட இடத்தில் வேறு வேலை, தெளிந்ததும் மேசை.

மார்ச் 8, சனிக்கிழமை பிற்பகல் பதின்மூன்று பேரையும் நாலுமடி பரிசோதனைக்கு அழைத்துவந்தார். நாலுமடியையும் சேர்த்துப் பதினான்கு மாதிரிகள், ஒன்பதில் பூஞ்சை. மருத்துவர் சலவைக்கூடத்துக்கு உடனே கடிதம் எழுத எழுந்தார். எதிர்க்கை அவர் மேசைக்குக் குறுக்கே போய் நின்றார்.

"திங்கக்கிழமை நாங்களே சொல்றோம் டாக்டர். கடிதாசு முன்னாடி போச்சுன்னா நாங்க ஒளிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி ஆகும்."

மருத்துவர் திங்கள் நண்பகல் வரை அவகாசம் கொடுத்தார். அதுவரை நீல ஓரத்தைத் தொடக் கூடாது என்றார். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. புறப்படும் முன் ஒன்பது பேரும் தங்கள் டப்பாக்களை ஒரு துணிப்பையில் போட்டார்கள். பையை நாலுமடி என்னிடம் கொடுத்தார். எண்ணிப் பார்த்து, ரசீது எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தம்பி வீட்டுக்குப் போனார். அவனுக்கு அதில் ஸ்டீராய்டு இருப்பது தெரியாமல் இருந்திருக்கலாம், கடைக்காரர் கலந்து கொடுத்திருக்கலாம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாராம். தம்பி கடைக்குப் போயிருந்தான். பகல் சாப்பாட்டுக்குத்தான் வருவான். தம்பி மனைவி தேநீர் கொடுத்தார். ஆறு வயது மகள் மடியில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் பிடரியில் ஒரு வட்டம், பழுப்பாகி ஆறிக்கொண்டிருந்தது.

"இதென்ன கண்ணு?"

"படர்தாமரை அத்தை. அப்பா ட்யூப் வாங்கிட்டு வந்தார். தினம் ரெண்டு வாட்டி."

தம்பி மனைவி அலமாரியிலிருந்து ட்யூபை எடுத்துக் காட்டினார். நாலுமடி தன் கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டை விரித்து, எழுத்துக்கூட்டி, பெயரை ஒப்பிட்டார். மருத்துவர் அவருக்கு எழுதிக் கொடுத்த அதே மருந்து. ஸ்டீராய்டு கலக்காதது. "உங்க தம்பி ரொம்பக் கண்டிப்பு அண்ணி," என்றார் தம்பி மனைவி. "இவளுக்கு வேற எதையும் போட்டுடாதே, அந்த டப்பா ஆயின்மென்ட்டைத் தொடவே கூடாது, அது கெடுதல்னு என்கிட்ட சொல்லி வெச்சிருக்கார்."

தம்பி ஒரு மணிக்கு வந்தான். அக்கா ட்யூபையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணு, உன் பொண்ணுக்கு ஒண்ணாடா?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி நின்றான். "அவ குழந்தை அக்கா. அவளுக்கு ஆறு வாரம் ஆனாலும் பரவாயில்ல, யாரும் கையைப் பார்க்கப் போறதில்ல. உனக்குத் திங்கக்கிழமை இருக்கே. நீ வேலைல இருக்கணும்னுதான் பண்ணேன்."

"நான் கேட்டது குணமாக."

"நீ கேட்டது சிவப்பு போக. நல்லா யோசிச்சுப் பாரு."

அவரால் உடனே மறுக்க முடியவில்லை. அதுதான் மிகவும் சுட்டது என்று என்னிடம் சொன்னார். கடைசியில், "இனிமே எங்க மேசைல ஒருத்திக்கும் அந்த டப்பா வரக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு," என்றார். தம்பி அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். அவர் சாப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கட்கிழமை. ஏழு மணிக்கே அவர் கூடத்தில் இருந்தார். இரண்டு கைகளும் பழுத்துச் சிவந்திருந்தன. தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சொறியாமல் கையை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டே கழித்திருந்தார். இருந்தாலும் அந்தச் செம்மையைப் பார்க்க முதல்முறையாக வெட்கம் வரவில்லை. தன் உடம்பு தனக்காக எழுந்து நிற்கிறது என்ற நினைப்பு இருந்தது.

வரிசையில் அவர் ஐந்தாவது, எதிர்க்கை ஆறாவது. குழல்விளக்கின் கீழ் போய் நின்றபோது லவங்க வாசம் அடித்தது. டப்பா வைத்திருந்த தன் பழைய கைப்பையின் வாசமாக இருக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகுதான் பையை வீட்டிலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

கண்ணாடிக்காரர் முதல் கையைப் பார்த்தார். "இல்ல." இரண்டாவது. "இல்ல." மூன்றாவது கை சனிக்கிழமை என் நுண்ணோக்கியின் கீழ் நூல்கள் தெரிந்த கை. "இல்ல." நான்காவதும் அப்படியே. நாலுமடி திரும்பி எதிர்க்கையைப் பார்த்தார். எதிர்க்கை அதற்குள்ளேயே சட்டையை மடித்துவிட்டிருந்தார். முன்கைகள் பால்போல இருந்தன. விளக்கு வெளிச்சத்தில் தோல் எண்ணெய்ப் பசையோடு மினுங்கியது. அவர் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலுமடி கைகளை நீட்டினார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்னம்மா, நீங்களா?"

"படர்தாமரை. மாத்திரை சாப்பிடுறேன். பூசி மறைக்கல."

"வேற யாருக்காவது இருக்கா?"

நாலுமடி வரிசையை ஒருமுறை பார்த்தார். அவரவர் தங்கள் கையைத் தாங்களே காட்டுவது என்பதுதான் வெள்ளிக்கிழமைப் பேச்சு. "மத்தவங்க கையைத்தான் நீங்களே பார்க்கிறீங்களே," என்றார். பிறகு, "இன்னிக்கு நீல ஓரம் யார் மடிக்கப்போறா?" என்று கேட்டார்.

"அதென்ன கேள்வி? எதிர்க்கைதான். வேற ஆளைச் சேர்த்து விடுறேன்."

எதிர்க்கை அப்போதும் நிமிரவில்லை. அவருடைய முறை வந்தது. "இல்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

ஈரப் பக்கத்துக்குப் போகும் கதவருகே எதிர்க்கை பின்னாலேயே வந்தார். "அக்கா, உன் தம்பிதான் நேத்து சாயங்காலம் வீடு வீடா வந்தான். புது டப்பா கொடுத்தான், இது பழசைவிட வீரியம், ஒரே ராத்திரில சிவப்பு போயிடும்னான். இந்த ஒரு வாரம் பூசிக்குங்க, அக்காவும் பூசிக்கப்போறா, நான் பேசிட்டேன்னு சொன்னான்."

"நீ நம்புனியா?"

எதிர்க்கை மடித்துவிட்டிருந்த சட்டைக்கையை இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டார். அது துளையில் நுழைய நேரம் எடுத்தது.

"நம்பணும்போல இருந்துச்சு அக்கா."

நாலுமடி ரப்பர் கையுறையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அன்று சாப்பாட்டு வேளையில் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்து இவற்றையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னார். அழவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கையுறைக்குள் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். போடலாம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது என்றேன். மருத்துவரின் கடிதம் பன்னிரண்டு மணிக்கே புறப்பட்டுவிட்டது. நான்காவது மாடிக்கான விரிப்புகள் அன்றைய முதல் வண்டியில் பத்தரைக்கே ஏறிவிட்டிருந்தன.

சலவைக்கூடத்தின் வாராந்திர அறிக்கையின் நகல், வழக்கம்போல, செவ்வாய்க்கிழமை காலை வந்தது. அதை எங்கள் பதிவேட்டில் மார்ச் 8-ஆம் தேதிப் பக்கத்துக்கு எதிரே ஒட்டினேன்.

மார்ச் 8. பரிசோதிக்கப்பட்டவர்கள்: பதினான்கு. பூஞ்சை: ஒன்பது.

மார்ச் 10. கை காட்டியவர்கள்: பதினான்கு. செம்மை: ஒன்று.